முதல் போஸ்டிங் மாணவர்: தோற்றமும் இயல்பும்

இயன்முறை மருத்துவம் என்று அரசுப் பலகைகளும், பிசியோதெரபி என்று கல்லூரிகளும், ‘கரண்டு வைக்கிற எடம்’ என்று விழுப்புரம் வட்டாரத்து மக்களும் வழங்கும் துறையில், வகுப்பறையை விட்டுக் கிளம்பி வார்டுக்கு இன்னும் வந்து சேராத நிலையில் சில வாரங்கள் மட்டும் காணக்கிடைக்கும் ஒரு மனித வகை உண்டு. அதுவே முதல் போஸ்டிங் மாணவர் எனப்படும். போஸ்டிங் என்பது, பட்டப்படிப்பின் ஊடே மாணவரை மருத்துவமனைக்கு அனுப்பி, ஸ்டாஃப் என்று அழைக்கப்படும் பொறுப்பாளரின் பார்வையில் உண்மையான நோயாளிகளைத் தொட்டுப் பழகச் செய்யும் ஏற்பாடாகும். இவ்வகையில் ஆண், பெண் இரு பாலாரும் அடங்குவர் எனினும், நோயாளிகள் ஆணைத் ‘தம்பி’ என்றும் பெண்ணைப் ‘பாப்பா’ என்றும் அழைத்து, தாம் மருத்துவர் என்னும் எண்ணம் அவர்களிடம் முளைவிடும்போதே கிள்ளிவிடுவதால், இரு பாலாரின் இயல்புகளிலும் பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை.

இவ்வகையை ஆராய விழுப்புரமும் திண்டிவனமும் ஏற்ற நிலங்கள். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்வதால் எலும்பு முறிவுக்கு இங்கே பஞ்சமில்லை. கரும்பு வெட்டிய தோள்களும், நடவுக்குக் குனிந்த இடுப்புகளும், மரக்காணத்து உப்பளங்களில் வெயிலில் நின்ற கால்களும், ரத்தக் கொதிப்பைக் கவனியாமல் விட்டதால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட உடல்களும் சிகிச்சை தேடி வந்துகொண்டே இருக்கின்றன. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே சென்றதும், இத்துறையை ஊர் மக்களுக்கு முன்னிலும் நெருக்கமாக்கியுள்ளன.

புறத்தோற்றத்தால் இவரை அடையாளம் காண்பது எளிது. வெள்ளைக் கோட்டின் மடிப்புகளில் கடையின் மணம் இன்னும் மாறாமல் இருக்கும். மேல்பையில் நான்கு நிறங்களில் பேனாக்களும், கீழ்ப்பைகளில் மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்று அளக்கும் கோனியோமீட்டரும், தசையின் சுற்றளவுக்கு இஞ்சு டேப்பும், முழங்காலில் தட்டிப் பார்க்கும் சுத்தியலும் புடைத்து நிற்கும். முதல் நாள் இவர் பேருந்திலேயே கோட்டை அணிந்துகொள்வார். வழியிலுள்ள விக்கிரவாண்டி வருவதற்குள் பக்கத்து இருக்கைக்காரர் முட்டியைக் காட்டி மருந்து கேட்பார். பின் இருக்கை அம்மாள் மருமகளின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார். நடத்துநரும் சில்லறையோடு தம் கழுத்து வலியையும் சேர்த்துக் கொடுப்பார். மறுநாள் முதல் அந்தக் கோட்டு, சோற்று டப்பாவுக்கு அடியில் மடிந்து பயணம் செய்யும்.

அறிவால் இவர் குறைந்தவர் அல்லர். சுவீடனில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813-இல் உடற்பயிற்சிக் கழகம் தொடங்கியதையும், 1950களின் தொடக்கத்தில் பம்பாயில் இளம்பிள்ளை வாதம் பரவியதை ஒட்டி இந்தியாவில் இக்கல்வி வேர்பிடித்ததையும், வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தியபின் அவ்விரல்களுக்குப் பிடிக்கவும் எடுக்கவும் மறுபடி கற்றுக்கொடுத்தவர்கள் இயன்முறைச் சிகிச்சையாளர்களே என்பதையும், வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வில் இவர் மூச்சு விடாமல் சொல்லவல்லவர். எந்தக் கேள்விக்கும் இவரிடம் விடை உண்டு, கேள்விதான் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து விடையளிப்பதற்கே பழக்கப்பட்ட ஒருவர், வாழ்வில் முதன்முறையாகக் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் நிறுத்தப்படுகிறார் என்பதே இவ்வகையின் எல்லாத் துன்பங்களுக்கும் மூலகாரணம்.

கல்லூரி இவரை ஆயத்தம் செய்யாமல் அனுப்புவதில்லை. பயிற்சிக்கூடத்தில் வகுப்புத் தோழரே நோயாளியாக மேசையில் படுப்பார். அவருக்கு வயது இருபது, மூட்டுகள் எல்லாம் மடங்கும், தொட்டால் வலிக்காது, கூசும். தசையின் வலுவை 0 முதல் 5 வரை தரம் பிரிப்பது வழக்கம். தசையில் சிறு சுருக்கமும் இல்லாதது 0, புவியீர்ப்பை வென்று தானே உயர்வது 3, முழு எதிர்ப்பையும் தாங்குவது 5. தோழரின் உடலில் எங்கு தொட்டாலும் 5 என்பதால், 2 என்பது எப்படி இருக்கும் என்று இவர் புத்தகத்தில் மட்டுமே கண்டிருப்பார். நோயாளியாக நடிக்கச் சொன்னாலோ, அதே தோழர் ‘மூன்று மாதமாக வலது முழங்காலில் வலி, மாடிப்படி ஏறும்போது அதிகரிக்கிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது’ என்று கேஸ் ஷீட்டின் வரிசை மாறாமல் ஒப்பித்துவிடுவார்.

திண்டிவனத்துப் பாட்டிக்கு அந்த வரிசை தெரியாது. ‘உங்களுக்கு என்ன தொந்தரவு?’ என்ற முதல் கேள்விக்கு அவர், தை மாதம் நடந்த பேத்தி கல்யாணத்திலிருந்து தொடங்குவார். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட சீர், பந்தியில் தீர்ந்துபோன சாம்பார், மண்டபத்துக்காரன் திருப்பிக் கொடுக்காமல் ஏமாற்றிய அட்வான்ஸ் என்று கதை விரிய, மாணவர் பேனாவைத் திறந்தபடியே முழங்கால் எப்போது வரும் என்று காத்திருப்பார். பொறுமை இழந்து, ‘ஆயா, வலி எப்ப ஆரம்பிச்சுது, அதை மட்டும் சொல்லுங்க’ என்று இடைமறித்தால், ‘ரொம்ப நாளா’ என்ற ஒற்றை விடை கிடைக்கும்; அதை எழுதிக்கொண்டு மாணவர் திருப்தியும் அடைவார். அதே பாட்டியிடம் ஸ்டாஃப் வந்து, ‘சாம்பார் தீந்துபோனப்போ என்ன பண்ணீங்க?’ என்று கேட்க, குண்டான் தூக்கப் போய்ச் சமையல்கட்டு ஈரத்தில் முட்டி மடங்க விழுந்த செய்தி, கேஸ் ஷீட் தேடிய அத்தனை விவரங்களோடும் வெளிவரும். நோயின் வரலாறு சாம்பாருக்குள் இருந்தது என்பதை எந்தப் பாடநூலும் இவருக்குச் சொல்லியிருக்காது.

வலியை அளப்பது இன்னொரு கண்டம். வலியே இல்லாததை 0 என்றும், தாங்கவே முடியாததை 10 என்றும் வைத்து நோயாளியையே எண் சொல்லச் செய்வது உலகெங்கும் உள்ள முறை. ‘பத்துக்கு எவ்வளவு வலி இருக்கு ஐயா?’ என்று மாணவர் கேட்க, ‘பத்துக்கு அவ்வளவா இல்ல தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் உயிர் போவுது’ என்று ஐயா விடையளிப்பார். உண்மையில் அவர் கொடுத்தது எண்ணைவிட மதிப்புள்ள குறிப்பு; இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி எதனால் என்று தனியே ஆராயப்பட வேண்டும். ஆனால் படிவத்தில் கட்டம் ஒன்றே இருப்பதால், மாணவர் சற்று யோசித்து 6 என்று எழுதுவார்.

மின்கருவிகளின் முன் நிலைமை தலைகீழாகும். இங்கே நோயாளிக்குத்தான் எல்லாம் தெரியும். ஒயரும் விளக்கும் இல்லாத சிகிச்சையை அவர் சிகிச்சையாகவே ஏற்பதில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தால், ‘அதை நாங்க கழனியில செய்யறோம், நீ கரண்டு வையி பாப்பா’ என்பார். மாணவர் மனம் இளகி, உயர் அலைவரிசை மின்காந்த அலையால் ஆழத் திசுக்களைச் சூடாக்கும் டயாதெர்மி கருவியை நோக்கி நகரும்போது, ‘உள்ளே பிளேட் இருக்கான்னு கேட்டியா?’ என்ற ஸ்டாஃபின் குரல் பின்னால் ஒலிக்கும். விபத்தில் முறிந்த எலும்பைச் சேர்க்கப் பொருத்திய உலோகத் தகடு அக்கருவியின் அருகே சூடேறித் திசுவைச் சுட்டுவிடும் என்பது இவர் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடைதான். அதைக் கேள்வியாகத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இவருக்குத் தோன்றியிராது.

முழங்கால் 90 பாகை மடங்கியதும் இவர் கோனியோமீட்டரைப் பெருமிதத்தோடு ஸ்டாஃபிடம் காட்டுவார். நாற்காலியில் அமர அது போதும். தரையில் குந்தும் கழிப்பறைக்கும், களை பறிப்புக்கும், பந்திப் பாய்க்கும் 120 பாகைக்கு மேல் வேண்டும். வீட்டில் எந்தக் கழிப்பறை என்று கேளாதவரை இவருடைய 90 பாகை காகிதத்தில் மட்டுமே வெற்றி பெறும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்படி இவர் அழகாக எழுதிக்கொடுக்கும் அட்டவணையும் அப்படியே. நடவு, நூறு நாள் வேலை, மேல்மலையனூர்க் கோயில் அமாவாசை ஆகிய மூன்றையும் கேட்டறிந்து வகுக்காத அட்டவணை இம்மாவட்டத்தில் ஒரு வாரம் தாங்குவது அரிது.

இவ்வகையில் உட்பிரிவுகளும் உண்டு. நோயாளியைப் பார்க்காமல் நோட்டையே பார்க்கும் எழுத்தர் வகை. எதற்கும் ‘சீனியர் இப்படித்தான் சொன்னாங்க’ எனும் மேற்கோள் வகை. கழிவறைக்குப் போய்க் கைப்பேசியில் நோயின் பெயரைத் தேடி வரும் மறைமுக வகை. ஸ்டாஃபின் முதுகுக்குப் பின்னாலேயே வார்டு முழுவதையும் கடந்துவிடும் நிழல் வகை. இவை பரவலாகக் காணப்படுபவை. நான்குக்கும் அச்சம் ஒன்றே; அதற்கு அவை தேடிக்கொண்ட மறைவிடங்களே வேறு.

அனுபவமுள்ள ஸ்டாஃப் இவரை ஆயத்தம் செய்யும் முறை எளிமையானது. முதல் நாள் எவரையும் தொடாமல் ஒருவர் பேசுவதை இறுதிவரை கேட்கச் சொல்வார். மறுநாள் மாலை, சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழித்தடங்கள் கூடும் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து நடைகளைக் குறித்துவரச் சொல்வார். வலிக்கும் காலில் சட்டென்று மிதித்து மறுகாலுக்குத் தாவும் நடை, இடுப்புத் தசை தளர்ந்ததால் அந்தக் காலை ஊன்றும் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு மறுபக்கம் சரியும் நடை, பக்கவாதத்துக்குப் பின் காலை அரைவட்டமாக வீசி வைக்கும் நடை என, புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருந்தவை அங்கே ஒரே பேருந்தைப் பிடிக்க ஓடும். அவர்களில் எவரும் எந்தக் கேள்விக்கும் விடை கேட்காததால், மாணவருக்கு முதன்முறையாகக் கேள்விகள் தோன்றத் தொடங்கும்: இவர் எங்கே விழுந்தார், இந்தப் படியில் எப்படி ஏறுவார், வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அதன்பின் இவர் விரைவில் தேறிவிடுவார். கோட்டுப் பைகள் இளைக்கும், பேனா ஒன்றாகும், சாம்பாரை இடைமறிக்காத பொறுமையும் வந்துசேரும். எலும்பு–மூட்டுப் பிரிவின் பாட்டிகள் இவரைப் பெயர் சொல்லித் தேடத் தொடங்கும் அதே வாரத்தில் போஸ்டிங் முடிந்து, இவர் நரம்பியல் பிரிவுக்கு மாற்றப்படுவார். பேச்சே எழாத பக்கவாத நோயாளியின் முன் நின்று, எதைக் கேட்பது என்று தெரியாமல் மீண்டும் கோனியோமீட்டரைத் துழாவுவார். ஆகவே இவ்வகை அழிந்துவிடுமோ என்று கவலைப்படத் தேவையில்லை. முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஸ்டாஃபைப் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் ஒருநாள் தனியே நிறுத்தினால், அதன் இலக்கணங்கள் அனைத்தையும் குறைவின்றி அவரிடமும் காணலாம்.