சரவணம்பட்டி ஆற்றுப்படை

அடுத்தவர் வாழ்க்கை எப்படி ஓடுகிறது, மனிதர்கள் எதற்காக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள் என்பதையெல்லாம் பயணம் போய்க் கற்றுக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல முடிவு. கோவை சரவணம்பட்டியில் குடியிருப்பவர்களுக்கு இந்த எண்ணம் சம்பள உயர்வுக் கடிதம் வந்த வாரத்தில் வரும். கடிதம் வராத வருஷத்தில் இன்னும் பலமாக வரும். உங்களுக்காகத்தான் இந்தச் சிறு கையேடு. சொன்னபடி நடந்தால் ஒன்றும் கற்காமல் பத்திரமாக வீடு திரும்பலாம்.

முதலில் தூரம். போகும் இடம் குறைந்தது 1,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கவேண்டும். அதற்குள் வசிப்பவர்களுக்கு வாழ்க்கை கிடையாது, வேலை மட்டும்தான். உங்கள் ஹாஸ்டலில் விடியுமுன்பே இட்லி ஊற்றத் தொடங்கும் அக்கா அன்னூரிலிருந்து வருகிறாரா, புளியம்பட்டியிலிருந்து வருகிறாரா, முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வார், அவர் பிள்ளைகளுக்கு யார் இட்லி ஊற்றுகிறார்கள் என்பதெல்லாம் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. மூன்று வருஷமாக உங்கள் தட்டில் மட்டும் அவர் ஒரு கரண்டி சட்னி கூடுதலாக விட்டிருக்கலாம். அது சட்னி. இமயமலை அடிவாரத்தில் ஒரு பாட்டி ஒரு டம்ளர் தேநீர் தந்தால் அதுதான் மனிதநேயம். பதினான்கு படம் எடுத்துப் போடவேண்டும்.

ஒடிசா கிராமத்து வாழ்க்கையை அறியவேண்டுமானால் ஒடிசாவுக்கே போங்கள். கீரணத்தம் பக்கம் புது அடுக்குமாடியில் டைல்ஸ் ஒட்டும் பையன்கூட ஒடிசாதான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவன் முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றபடி வந்தவன். நீங்கள் ஜன்னலோர இருக்கையில் போகப்போகிறவர். இருவரும் செய்வது பயணம்தான் என்றாலும் ஒன்றுக்கு மட்டும்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அடுத்தது கொடுப்பது. போகிற ஊரில் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கும். நாற்பது நோட்டு, நாற்பது பென்சில், நல்ல கேமரா உள்ள நண்பர் ஒருவர், இவை மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம், நண்பர் மட்டும் குறையக்கூடாது.

இந்த விஷயத்தில் கோயம்புத்தூர் மோசமான முன்மாதிரிகளை வைத்திருக்கிறது. அவற்றிடம் எச்சரிக்கையாக இருங்கள். சாந்தி கியர்ஸ் நிறுவனர் பி.சுப்பிரமணியம் 1996இல் சாந்தி சோஷியல் சர்வீசஸைத் தொடங்கினார். சிங்காநல்லூரில் குறைந்த விலைச் சாப்பாடு, மருந்து, பரிசோதனை என்று கோவைக்காரர்கள் கையில் டோக்கனோடு வரிசையில் நின்ற இடம். 2020 டிசம்பரில் அவர் காலமானார். அதுவரை அங்கே சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் முகம் தெரியாது. தன் படம் எங்கும் வரக்கூடாதென்று அப்படியொரு பிடிவாதம். இப்படிச் செய்தால் கொடுத்தது யாரென்று ஊருக்கு எப்படித் தெரியும்?

அதற்கும் முந்தைய கேஸ் ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பி நாலு பேர் சொத்துப் பிரிக்க உட்கார்ந்தால் நாலு பாகமும் ஒரு வழக்கும் பிறப்பதுதான் உலக வழக்கம். பீளமேடு பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நாலு பேரும் 1926இல் ஐந்து பாகமாகப் பிரித்தார்கள். அறமும் ஒரு உடன்பிறப்பு என்று கணக்கு. பி.எஸ்.ஜி. கல்லூரிகளும் ஆஸ்பத்திரியும் அந்த ஐந்தாம் தம்பியின் வாரிசுகள். பாகப்பிரிவினை நடக்கும் வீடுகளில் இதைச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை சொல்லிவிட்டு காப்பி வராமலே எழுந்து வந்தேன்.

இனி படிப்பு. பயணத்துக்கு முன் என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்யக்கூடாத புத்தகங்கள் சில உண்டு. முதலில் ஆற்றுப்படை நூல்கள். பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். திருமுருகாற்றுப்படையை மட்டும் பக்தி என்று தனியே எடுத்துவைத்துவிடலாம். சரவணம் என்று பெயரிலேயே வைத்துக்கொண்டு கரட்டுமேட்டில் முருகனையும் குடியேற்றியிருக்கும் ஊருக்கு அதில் தனிப் பாத்தியதை உண்டு. மீதி நாலும் சுத்தமான பயணக் கையேடுகள். எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, யார் வீட்டில் என்ன கிடைக்கும் எல்லாம் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் வள்ளல் நல்லியக்கோடனைப் பார்க்கப் போகும் வழியில் கடற்கரையில் சுட்ட மீன், வேட்டுவக் குடியில் புளிச்சோறும் கறியும், வயல் நாட்டில் வெள்ளைச் சோறும் நண்டும். போகிற வழியில் எதைத் தின்றோம் என்பதிலேயே யார் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

ஆனால் இந்தக் கையேடுகளில் ஒரு பெரிய குறை. வழி சொல்பவன் வாங்கியவன், கொடுத்தவன் அல்ல. வெறுங்கையோடு போய் நிறையப் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வெறுங்கையோடு வரும் இன்னொருவனை நிறுத்தி, 'இப்படிப் போ' என்கிறான். தன் வீட்டு நிலைமையையும் மறைப்பதில்லை. குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்புக்கு வழியில்லாமல் அப்படியே அவித்து, அக்கம்பக்கத்தார் கண்ணில் பட்டால் மானம் போகுமென்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு பகிர்ந்து தின்ற வீடு அது. அங்கேயும் பகிர்ந்துதான் தின்றிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உப்பில்லாத கீரையை. நம் பயணக் கட்டுரைகளில் இப்படி ஒரு கதவு சாத்தப்படுவதே இல்லை. நாமே வள்ளல், நாமே பாணன், படம் எடுப்பவரும் நம் ஆள்.

கொங்கு நாட்டுக்கே சொந்தமாக ஒரு பாடம் வேண்டுமென்றால் வள்ளல் குமணன். அவனுடைய முதிரமலை உடுமலைப் பக்கம் என்பார்கள். அவனிடம் பரிசில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த புலவர் பெருஞ்சித்திரனார் மனைவியிடம் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது: எல்லோருக்கும் கொடு, என்னைக் கேட்காதே, நாளைக்கென்று எடுத்து வைக்காதே. யார் யாருக்கு என்று ஒரு பட்டியலும் சொல்கிறார். அதில் நம் குடும்பம் பசித்திருந்தபோது குறியெதிர்ப்பை கொடுத்தவர்களும் உண்டு. குறியெதிர்ப்பை என்றால் அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது; நம் வீடுகளில் ஒரு உழக்கு அரிசி கைமாற்று வாங்குவோமே, அது. வள்ளுவர் கண்டிப்பானவர். இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பைக் கணக்கு என்று தள்ளிவிட்டார். எனக்கு இந்த ஒரு இடத்தில் பெருஞ்சித்திரனார் பக்கம்தான் சாய்வு. வீட்டில் உலை வைக்க வழியில்லாத அன்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் உழக்கு அரிசி, திருப்பித் தரவேண்டியதே ஆனாலும், கணக்கு மட்டும் அல்ல.

இதிலிருந்து நேரே மொய் நோட்டுக்கு வரலாம். வள்ளுவர் கணக்கில் மொய் ஈகையில் சேரவே சேராது. ஆனால் அடுத்தவர் வாழ்க்கையைப் படிக்க அதைவிட நல்ல புத்தகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் கல்யாண மொய் நோட்டு ஒன்று கிடந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, முதல் வரியில் தாய்மாமன், அப்புறம் ஊர் வாரியாகப் பெயர்கள். ஐந்து ரூபாய், இரண்டு ரூபாய், ஒருவர் பெயருக்கு நேரே பணமே இல்லாமல் 'அரிசி 2 படி, தேங்காய் 1'. அந்த அரிசிக்காரர் மறுபடி அக்காவின் கல்யாண நோட்டில் வருகிறார், 101 ரூபாயோடு. என் தம்பி கல்யாண நோட்டில் அவர் இல்லை. அவர் மகன் பெயர் இருக்கிறது, ஊர்ப் பெயர் திருப்பூர் என்று மாறியிருக்கிறது. காடு விற்றது, பனியன் கம்பெனிக்குப் போனது, அப்பன் செத்தது எல்லாம் மூன்று வரிகளுக்கு நடுவே இருக்கிறது. இப்போது பல பத்திரிகைகளில் 'மொய் அன்புடன் தவிர்க்கவும்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். கௌரவம்தான், மறுக்கவில்லை. கூடவே ஒரு நூலகத்தையும் மூடிவிட்டார்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது கவனிக்கக்கூடாதவை சில. சத்தி ரோட்டில் சிவானந்தபுரத்தில் சங்கரா கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1977இல் டாக்டர் ஆர்.வி.ரமணியும் டாக்டர் ராதா ரமணியும் சின்ன மருத்துவ மையமாகத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. நூற்றுக்கு எண்பது பேருக்கு இலவசம், மீதி இருபது பேர் கட்டும் பணத்தில் அது ஓடவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கிராமங்களில் முகாம் போட்டு, கண் புரை விழுந்தவர்களை பஸ்ஸில் கூட்டி வந்து, ஆபரேஷன் செய்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஒரு மஞ்சள் பையில் மாற்றுச் சேலையோடு, அந்த பஸ்ஸில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருகிற கிழவிதான் இந்தச் சாலையில் ஆற்றுப்படை இலக்கணத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரே பயணி. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக் கிழவரிடம், 'நானும் பயந்துட்டுத்தானுங்க போனேன். ஒண்ணும் பண்ணாதுங்க, போய்ட்டு வாங்க' என்று வழி சொல்லுவாள். உங்கள் கார் அந்த பஸ்ஸை முந்தும்போது ஹாரன் அடித்தால் போதும்.

கடைசியாக, தவிர்க்கவேண்டிய ஆபத்து. இது என் சொந்த அனுபவம். பல வருஷத்துக்கு முன், அன்னூர் தாண்டி ஒரு குறுகலான தார் ரோட்டில் என் பைக் நின்றுவிட்டது. ஐப்பசி மழை. பர்ஸை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். செல்போனும் செத்திருந்தது. சாலையோரத்து ஓட்டு வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, நனஞ்சுட்டு நிக்கறீங்க? உள்ள வாங்க."

"இருக்கட்டுங்க, பரவால்லைங்க."

"என்னத்தப் பரவால்ல? வாங்கங்கறேன்."

போனேன். தலை துவட்ட ஒரு துண்டு. எந்த ஊர் என்று கேட்டார். அப்புறம் எந்தத் தோட்டம், யார் வீடு என்று கேள்வி நீண்டது. அந்தக் கேள்வி எதற்கென்று கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. வேறு பதில் சொல்ல நேர்ந்தவர்களைத் திண்ணையோடு நிறுத்திய வீடுகளும் இதே மண்ணில்தான் இருந்தன; தனி டம்ளரும் இருந்தது. விருந்தோம்பலைப் புகழ்ந்து எழுதும்போது இந்த வரியை விட்டுவிடுவது வழக்கம், விட்டால் கட்டுரை இன்னும் இனிப்பாக இருக்கும்.

அரை மணி நேரத்தில் அரிசியும் பருப்புஞ்சாதம் வந்தது. திடீரென்று ஆள் வந்தால் கொங்கு வீட்டு அடுப்பில் ஏறுவது அதுதான். மேலே நெய், பக்கத்தில் தயிர். கையில் பத்துப் பைசா இல்லாத ஒருவன் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு வாய்க்கும் நன்றி சொல்லத் தோன்றுகிறது, சொன்னால் அந்த அம்மா கோபித்துக்கொள்வார் என்றும் தெரிகிறது. நாற்பது நோட்டு கொடுத்த எந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்தக் கூச்சத்தை எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரிந்திருக்கும்.

மழை விட்டதும், பஸ்ஸுக்குப் பத்து ரூபாயும் ஒரு தூக்குப்போசி நிறையத் தயிரும் கொடுத்து அனுப்பினார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். போசியை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாதே! அடுத்த வாரம் முறுக்குப் போட்டுக் கொண்டுபோனேன். அது முருங்கைக்காயோடு திரும்பி வந்தது. கச்சாயத்தோடு போய், நிலக்கடலையோடு வந்தது. அவர் பேத்தி சரவணம்பட்டியில் கல்லூரிக்குச் சேர்ந்ததும், அவர் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் எனக்கு அந்தப் போசி வழியாகத்தான் தெரிய வந்தது. பத்து ரூபாயை மட்டும் அவர் இன்றுவரை வாங்கிக்கொள்ளவில்லை.

போசி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அன்னூர் போகிறேன். ஒப்புட்டுக்குப் பருப்பு ஊறப்போட்டாகிவிட்டது.