கடைசல்காரரின் மூச்சு

ஓசூரில் கோபப்படக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து சிப்காட் பக்கம் வண்டியை எடுத்தால் போதும். ஒரு பக்கமிருந்து தமிழில் திட்டு விழும், இன்னொரு பக்கமிருந்து கன்னடத்தில். பின்னால் நிற்கும் லாரிக்காரர் இந்தியில் ஆரம்பிப்பார். மூவருக்கும் சேர்த்துத் தெலுங்கில் பதில் சொல்லத் தெரிந்தவர் அசல் உள்ளூர்க்காரர்.

வியட்நாம் துறவி திக் நாட் ஹான் (1926–2022) சிவப்பு விளக்கைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள் என்பார். மூச்சுக்குத் திரும்பச் சொல்லும் மணியாக அதை எடுத்துக்கொள்ள வேண்டுமாம். அத்திப்பள்ளி தாண்டி ஒரு சிக்னலில் செய்து பார்த்தேன். உள்ளே போனது முக்கால்வாசி டீசல். வெளியே விடும்போது விளக்கு பச்சையாகிவிட்டது. பிறகு அடித்த ஹாரன்களை எல்லாம் தியான மணியாகக் கணக்கு வைத்தால் நான் அன்றைக்கே நிர்வாணம் அடைந்திருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி கேன்டீனிலும் ஒரு மணி நேரம் 'மைண்ட்ஃபுல்னெஸ்' வகுப்பு நடந்தது. பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் வந்தார். இட்லிக் குண்டான் இறங்கிய அதே மேஜையில் லேப்டாப்பை வைத்தார். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், தீராத வலியுள்ள நோயாளிகளுக்காக ஜான் கபாட்-ஜின் தொடங்கிய முறை இது என்றார். கண்ணை மூடி மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர்களின் மூச்சை மொத்தக் கேன்டீனும் கவனிக்க முடிந்தது. தியானத்துக்கான ஐந்து தடைகளில் தூக்க மயக்கமும் ஒன்று என்று பௌத்தம் சொல்கிறது. மூன்றாவது ஷிஃப்டை மனதில் வைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

எனக்கு மூலத்தைப் பார்க்கும் ஆசை வந்தது. மூச்சைக் கவனிப்பது பற்றிய புத்தரின் உரையான ஆனாபானசதி சுத்தத்தில் பதினாறு படிகள். முதல் இரண்டு படிகளில் மூச்சை அடக்கவோ இழுத்துப் பிடிக்கவோ சொல்லவில்லை. நீள மூச்சு என்றால் நீளம் என்று தெரிய வேண்டும், குறுகிய மூச்சு என்றால் குறுகியது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சதிபட்டான சுத்தத்தில் இதற்கு புத்தர் சொல்லும் உவமையைப் படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாமரை, நிலா, யானை எதுவும் இல்லை. கடைசல்காரர்! தேர்ந்த கடைசல்காரரோ அவரிடம் வேலை பழகுகிறவரோ, நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறேன் என்று அறிந்தே இழுப்பது போல, என்கிறார்.

தெருவுக்குத் தெரு லேத் ஓடும் ஊரில் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் டூல் ரூமில் ஓர் அண்ணன் இருக்கிறார். ஃபினிஷிங் கட் ஓடும்போது எம்.டி.யே வந்து பக்கத்தில் நின்றாலும் திரும்ப மாட்டார். டூல் மழுங்கினால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். அதற்காகத் திட்டவும் மாட்டார், பதறவும் மாட்டார். மெஷினை நிறுத்தி, டூலை மாற்றி, மறுபடி ஓட்டுவார். மனதில் சினம் இருந்தால் சினம் இருக்கிறது என்று அறி என்று அந்தச் சுத்தம் சொல்வதும் ஏறக்குறைய இந்த ரகம்தான். குவாலிட்டியில் வேலை பார்க்கும் எனக்கு, கஸ்டமர் ஒரு லாட்டையே ரிஜெக்ட் செய்து போனில் கத்தும்போது இது உதவுகிறது. கோபம் முதலில் என் காது மடலைச் சூடாக்குகிறது. வாய்க்கு வந்து சேர இரண்டு மூன்று மூச்சு ஆகும். அதற்குள் மூச்சை நிதானமாக வெளியே விட்டால், இதயத் துடிப்பு கொஞ்சம் தணிகிறது. உடலின் அமைப்பே அப்படி. கஸ்டமர் தணிவதில்லை, அது வேறு துறை.

ஒழுங்காகக் கற்கலாமே என்று கோயங்காவின் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கு லீவு கேட்டேன். முதல் மூன்று சொச்சம் நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். பேச்சு கிடையாது, போன் கிடையாது, கட்டணமும் கிடையாது. மேனேஜர் கடைசி அம்சத்தை மட்டும் பாராட்டினார். “மூச்சு விட நேரமில்லைன்னு தினமும் புலம்புவீங்களே, அதுக்குத்தான் லீவா?” என்றார்.

ஓசூர் இருக்கும் இந்த மாநில எல்லைப் பகுதிக்குப் பௌத்தம் புதிதில்லை. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, ஆந்திரத்தின் குப்பம் பக்கத்தைத் தாண்டினால் கோலார் தங்கவயல். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது, 2001-இல் மூடினார்கள். அங்கே உழைத்த தமிழர்களில் பலர் நூறாண்டுக்கு முன்பே தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரைப் பின்பற்றிப் பௌத்தர் ஆனார்கள். அவர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்கு அங்கே நல்ல வாசகர் கூட்டம். அவர்கள் புத்தரிடம் போனது டென்ஷன் குறைய அல்ல, சாதி இழிவைத் தூக்கிப் போட. 'கீழே காற்று குறைவுதான், இருக்கிற மூச்சைக் கவனியுங்கள்' என்று யாராவது அவர்களிடம் வகுப்பு எடுத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று யோசிக்கிறேன். ஓவர்டைம் பாக்கியைக் கேட்கிறவர்களுக்குத் தியான வகுப்பு வைக்கும் வழக்கத்தில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. சக்கில் போல்ட் லூசாக இருந்தால் டைட் செய்ய வேண்டும். சத்தத்தை எத்தனை நேரம் கவனிப்பது?

டீ இடைவேளையில் அண்ணனிடம் கடைசல் உவமையைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். அந்தக் காலத்து லேத்துக்குக் கரண்ட் ஏது என்று கேட்டார். கயிறு கட்டி இழுப்பது என்றேன். தலையாட்டினார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

“வேலை பழகறவன்னு சொன்னியே, அப்பவே அப்ரண்டிஸ் இருந்தானா?”

“இருந்திருக்கான்ணா.”

“அவனைப் பெர்மனன்ட் பண்ணாங்களா?”

“சுத்தத்துல அது இல்லைண்ணா.”

“இருக்காது,” என்றார்.