அட்மிஷன் அங்கிள்

ஐவி லீக் கல்லூரிகள் தங்கள் முடிவுகளை மார்ச் மாதக் கடைசியில், அமெரிக்கக் கிழக்குக் கரையில் பொழுது சாய்ந்து ஏழு மணி ஆகும்போது வெளியிடும். நமக்கு அது மறுநாள் விடிகாலை நாலரை. மடிப்பாக்கத்து அடுக்ககம் ஒன்றில் அந்த நேரத்தில் விளக்கு எரிந்தால், ஒன்று யாருக்கோ நெஞ்சுவலி. இல்லையென்றால் பிளஸ் டூ பிள்ளைக்கு ரிசல்ட். இரண்டுக்கும் முதலில் வந்து நிற்பவர் அட்மிஷன் அங்கிள்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் கீழே தபால்பெட்டியில் மட்டும் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் வளர்ச்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊரில். பெண் முன்பு ஸ்டட்கார்ட்டில், இப்போது டொரான்டோவில். உலகப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேச இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

இந்த வருடம் விளக்கு எரிந்தது இரண்டாவது மாடியில். பொருளாதாரம் படிக்க ஆசைப்பட்ட பெண். ஆறரைக்கெல்லாம் அங்கிள் வந்துவிட்டார். செருப்பை ஓசைப்படாமல் கழற்றினார். சோபா நுனியில் உட்கார்ந்தார். பெண்ணின் அப்பாவுடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“எப்ப ஆச்சு?”

“நாலரைக்கு சார்.”

“கடைசியா என்ன சொன்னாங்க?”

“விண்ணப்பம் எக்கச்சக்கமாம் சார். நல்ல பிள்ளைங்களையே எடுக்க முடியலையாம்.”

“ம்... எல்லா இடத்திலயும் அப்படித்தான் சொல்லிக் கையை விரிப்பாங்க.”

காபி வந்தது. இந்த வீட்டில் இன்று காபி குடிக்கலாமா என்ற சந்தேகம் அவர் முகத்தில் ஒரு கணம் ஓடியது. குடித்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

அடுத்தது ஆறுதல். அதற்கென்று அவரிடம் ஒரே ஒரு ஆள்தான் உண்டு: கணித மேதை ராமானுஜன்.

“எஃப்.ஏ.வுல பெயில்மா அவர். கும்பகோணத்திலயும் தேறலை, பச்சையப்பாவிலயும் தேறலை. அப்புறம் என்னாச்சு? 1914ல கேம்பிரிட்ஜே கூப்பிட்டு வச்சுக்கிச்சு.”

“அங்கிள், அவர் முப்பத்திரண்டு வயசுல செத்துட்டார்.”

அம்மா பல்லைக் கடித்தாள். அங்கிள் அசரவில்லை.

“அது சாப்பாட்டுப் பிரச்சினைம்மா. வாய்க்கு ருசியா ஒண்ணும் கிடைக்காம மனுஷன் உடம்பைக் கெடுத்துக்கிட்டார். அதுக்குத்தான் சொல்றேன், நியூஜெர்சி போ. எடிசன்ல ஓக் ட்ரீ ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. முருங்கைக்காய்லேருந்து எல்லாம் கிடைக்கும். ரட்கர்ஸ் யுனிவர்சிட்டிக்கு நீ ஏன் போடலை?”

இந்த இடத்தில் அங்கிளின் ஆலோசனை முறையை விளக்கியாக வேண்டும். உலகத் தரவரிசைகளை அவர் மதிப்பதில்லை. ஒரு பட்டியலில் எம்.ஐ.டி. முதலிடம், இன்னொன்றில் ஆக்ஸ்ஃபோர்டு முதலிடம். எதை நம்புவது என்பார், நியாயம்தான். அவருடைய தரவரிசைக்கு ஒரே அளவுகோல்: அந்த ஊரில் அவருடைய ரத்த சம்பந்தம் யாராவது இருக்கிறார்களா, போகிற பிள்ளையின் பெட்டியில் இரண்டு கிலோ இடம் இருக்குமா. பையனுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்தால் அமெரிக்கக் கல்வியின் தரம் உயரும். பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் குட்டித் தராசு ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். மற்றவர்களின் சட்டைப் பையில் பேனா.

அவருடைய பெண் ஸ்டட்கார்ட்டில் இருந்த வரைக்கும் ஜெர்மனிதான் சொர்க்கம். “பைசா ஃபீஸ் கிடையாது” என்று சொல்லியே சி பிளாக் பையனை எம்.எஸ். படிக்க அந்த ஊருக்கு ஏற்றிவிட்டார். ஜெர்மனியில் பல மாநிலங்களுக்கு அது பொருந்தும். ஆனால் ஸ்டட்கார்ட் இருக்கிற மாநிலம் 2017லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிற மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பையனின் அப்பா இதைக் கேட்டபோது, “அது ஃபீஸ் இல்லை சார், ஒரு மரியாதை” என்றார். பெண் டொரான்டோவுக்குக் குடிபெயர்ந்த மாதமே ஜெர்மனி படுத்துவிட்டது. “நம்ம பன்னிரண்டாவதை அவன் மதிக்கிறதே இல்லை சார், ஒரு வருஷம் தனியாப் படிச்சுட்டு வாங்கிறான்.” கனடா எழுந்தது. அந்த நாடு 2024 தொடக்கத்தில், மாணவர்கள் கையிருப்பாகக் காட்டவேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக ஏற்றியபோது அங்கிள் சொன்னது: “பிள்ளைங்களுக்கு சேமிக்கிற பழக்கம் வரணுமில்லையா?”

இரண்டாவது மாடிக்கு வருவோம். கையில் மூன்று இடங்கள் இருந்தன: அமெரிக்காவில் மயாமி பல்கலைக்கழகம், இங்கிலாந்தில் வாரிக், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ. மயாமி என்றதும் அம்மாவுக்குக் கடற்கரை நினைவு வந்து முகம் கறுத்தது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் ஃப்ளோரிடாவிலேயே இல்லை. ஒஹாயோ மாநிலத்தில், ஆக்ஸ்ஃபோர்டு என்கிற சிற்றூரில் இருக்கிறது. இது தெரிந்த பத்தாவது நிமிடம், “ஆக்ஸ்ஃபோர்டுல கிடைச்சிருக்கு, யோசிச்சுக்கிட்டு இருக்கோம்” என்று நாத்தனாருக்குச் செய்தி போய்விட்டது. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்பாவுக்கு வாரிக் பிடித்திருந்தது. அதுவும் வாரிக் ஊரில் இல்லை, கொவென்ட்ரி நகரத்து ஓரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும், “யாருமே சொந்த ஊர்ல இருக்க மாட்டாங்களா?” என்று சலித்துக்கொண்டார்.

பிரிட்டனின் இரண்டு இடங்களும் கண்டிஷனல் ஆஃபர். பன்னிரண்டாவதில் அவர்கள் கேட்கிற மதிப்பெண் வந்தால்தான் இடம். உள்ளறையிலிருந்து பாட்டி குரல் கொடுத்தாள்: “இப்பவே கண்டிஷன் போடறவங்க நாளைக்கு என்னென்ன கேப்பாங்களோ? வேண்டாம்னு சொல்லிடு.”

வந்த இடங்களில் ஒன்றை ஃபர்ம் என்றும், மதிப்பெண் குறைந்தால் கைகொடுக்க இன்னொன்றை இன்ஷூரன்ஸ் என்றும் குறித்துக்கொள்ளலாம் என்று பெண் விளக்கினாள். அதுவரை பிரிட்டன் பேச்சில் ஆர்வமே காட்டாத அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்ஷூரன்ஸா? பிரீமியம் எவ்வளவு?”

“ஒண்ணும் கிடையாது அங்கிள்.”

“பிரீமியம் இல்லாத பாலிசியை நான் நம்ப மாட்டேன்.”

பெண் யாரையும் கேட்காமல் முடிவு செய்திருந்தாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கிளாஸ்கோ ஃபர்ம், வாரிக் இன்ஷூரன்ஸ். கிளாஸ்கோவில் நான்கு வருடப் படிப்பு. முதல் இரண்டு வருடம் பொருளாதாரத்தோடு வேறு பாடங்களையும் தொட்டுப் பார்க்கலாம். பாடத்திட்டத்தை அச்செடுத்து, பிடித்ததற்குப் பச்சை, பிடிக்காததற்குச் சிவப்பு என்று கோடு போட்டு வைத்திருந்தாள். வீட்டில் அந்தத் தாள்களைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

“ஆடம் ஸ்மித் படிச்ச இடம் அங்கிள்.”

“எந்த பேட்ச்?”

“1737. பதினாலு வயசுல சேர்ந்தார்.”

“பிளேஸ்மென்ட்?”

“அங்கேயே புரொஃபசர் ஆயிட்டார்.”

அங்கிள் அப்பாவைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையசைத்தார். “கேம்பஸ் இன்டர்வியூவுல தேறாதவங்க எல்லாம் அப்படித்தான் சார் அங்கேயே லெக்சரரா தங்கிடுவாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார்: “இங்கிலாந்துல மூணு வருஷத்துல முடியறதுக்கு இவ நாலு வருஷம் போறா. முடிச்சப்புறம் வேலை தேடத் தர்ற ரெண்டு வருஷத்தையும் 2027லேருந்து ஒண்ணரை ஆக்கறாங்க.” இரண்டுமே உண்மை. அவரிடம் இதுதான் தொல்லை. தகவல் சரியாகத்தான் இருக்கும். எப்போது சொல்வது, எப்போது மறைப்பது என்பதை நார்த்தங்காய்தான் தீர்மானிக்கும். கிளாஸ்கோவில் அவருக்கு ஒரு ஈ காக்கை கிடையாது.

மறுநாள் சாயங்காலம் மறுபடி மணி அடித்தது. முகத்தில் துக்கம் இல்லை. கையில் துணிப்பை.

“கிளாஸ்கோ நல்ல ஊர்தான்மா. விசாரிச்சேன். 1451ல ஆரம்பிச்ச காலேஜாமே! மாப்பிள்ளையோட சித்தப்பா பையன் எடின்பரோவுல இருக்கானாம். ஒரு மணி நேரம்கூட ஆகாது, ரயில்ல. ஊறுகாய் போட எலுமிச்சையும் நார்த்தங்காயும் வாங்கிட்டேன். ஆகஸ்டுக்குள்ள பதமா ஊறிடும். உன் பெட்டியில ரெண்டே கிலோ...”

சட்டைப் பையிலிருந்து தராசு வெளியே வந்தது. பெண் அதை வாங்கித் துணிப்பையை மாட்டித் தூக்கிப் பார்த்தாள். நாலு கிலோ நானூறு கிராம்.

“பன்னிரண்டாவது ரிசல்ட் மே மாசம்தான் அங்கிள். அதுவரைக்கும் உங்க ஊறுகாய்க்கும் கண்டிஷனல் ஆஃபர்தான்.”