வயலட்டுக்குப் பதினைந்து வயது

கே: மகளுக்குப் பதினைந்து முடிகிறது. பரிசாகக் கொடுக்க ஒரு நாவல் சொல்லுங்களேன்?

ப: நான்ஸி ஓசா எழுதிய ‘க்யூபா 15’. 2003இல் வெளிவந்தது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வளரும் வயலட் பாஸ்தான் நாயகி. அப்பா க்யூபாக்காரர், அம்மா போலந்து வழி. பேத்திக்குக் ‘கின்ஸெனியேரா’ நடத்தியே தீருவேன் என்று பாட்டி ஒற்றைக்காலில் நிற்கிறார். பேத்திக்கோ ஜிகுஜிகு கவுன் என்றாலே ஆகாது.

கே: கின்ஸெனியேராவா, அது என்ன?

ப: லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு எடுக்கும் விழா. தேவாலயத்தில் நன்றித் திருப்பலி, பிறகு விருந்து, வால்ட்ஸ் நடனம். பல வீடுகளில் அப்பா மகளின் முன் குனிந்து, தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஹை ஹீல்ஸ் மாட்டிவிடுவார். அவள் எழுந்து நிற்கும்போதுதான் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று அவருக்கு உறைக்கும்!

கே: செலவு?

ப: கடன் வாங்கி நடத்துகிறவர்களும் உண்டு. இந்தச் செலவையும், பெண்கள் தலையில் ஏற்றும் ராஜகுமாரிக் கனவையும் அலசி, எழுத்தாளர் ஹூலியா ஆல்வரெஸ் 2007இல் தனி நூலே எழுதினார்.

கே: ஒரு விழாவை வைத்து முழு நாவலா?

ப: விழா ஒரு சாக்குதான். க்யூபாவின் 1959 புரட்சி, அதன்மீதான 1962 அமெரிக்க வணிகத் தடை எல்லாம் பாடப் புத்தகத்தில் கிடைக்கும். வயலட்டின் அப்பாவோ க்யூபா என்றாலே வாயைத் திறக்க மாட்டார். அந்த வீட்டில் க்யூபா உயிரோடிருப்பது டாமினோ மேசையில்: சுருட்டுப் புகை, கட்டைகளை ஓங்கி வைக்கும் சத்தம், ஆளுக்கொரு கூச்சல். இந்தக் கூத்தையே பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நகைச்சுவை உரையாக்குகிறாள் வயலட். சிரிக்கவைக்க எழுத உட்கார்ந்தவளுக்கு, அப்பா ஏன் பேசுவதில்லை என்ற கேள்வி முளைக்கிறது. நாவலின் உயிர் அங்கேதான். பாட்டியின் விழா அவளுடைய விழாவாக மாறுவதும் அதற்குப் பிறகுதான்.

கே: என் அப்பாவும் அறுபதுகளில் ரங்கூனிலிருந்து வந்தவர். அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. எப்படிக் கேட்பது?

ப: ‘ஏன் வந்தீர்கள்?’ என்று தொடங்காதீர்கள், அங்கேதான் வலி. சென்னையில் பர்மா பஜார் பக்கம் கூட்டிப்போய் ஒரு தட்டு அத்தோ, அதாவது பர்மிய நூடுல்ஸ், வாங்கிக்கொடுங்கள். ‘ரங்கூனில் இதில் வேறென்ன போடுவாங்கப்பா?’ என்று மட்டும் கேளுங்கள்.