பாட்டுக்கு முன்னால் கரையைப் பதியுங்கள்

மரபுரிமைகளைப் பாதுகாக்கும் பெரிய அலுவலகத்தின் பெரிய அதிகாரி அவர்களுக்கு,



கல்முனைக் கரையோரத்தில் அழிந்துவரும் கலைகளைப் பதிவதற்குப் படிவம் அனுப்பியிருந்தீர்கள். நன்றி. 'கலை நிகழ்த்தப்படும் இடம்' என்ற கட்டத்திலேயே எனக்குப் பேனா நின்றுவிட்டது. கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. அதற்கு இடம் கரை. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியதிலிருந்து ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்துக் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. தென்னைகள் போயின, தோணி ஏற்றி வைத்த மணல் போயிற்று. எனவே அந்தக் கட்டத்தில் 'கடலுக்குள்' என்று எழுதியிருக்கிறேன்.

பாட்டைப் பதிவு செய்யக் கலாசார மண்டபத்துக்கு ஆறு பேரை அனுப்பச் சொல்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் மேடையில் வெறுங்கயிற்றை இழுப்பவனுக்கு எந்த இடத்தில் குரலை ஏற்றுவது என்று எப்படித் தெரியும்? ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது கயிற்றின் பாரத்துக்காக, மைக்குக்காக அல்ல. சில இடங்களில் இப்போது உழவு இயந்திரமே வலையை இழுத்துவிடுகிறது. அதற்கு மூச்சு வாங்குவதில்லை, பாட்டும் தேவைப்படுவதில்லை.

உங்களை மட்டும் குறை சொன்னால் அல்லாஹ் பொறுக்கமாட்டான். எங்கள் உம்மம்மாமார் மச்சானுக்கும் மாமிக்கும் கட்டிய கவிகளைக் கேட்டு நாங்களே முகத்தைச் சுளித்தோம். 'இதெல்லாம் மார்க்கத்தில் உண்டா?' என்று கேட்டு அவர்களின் வாயை அடைத்தோம். நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தொகுத்துப் புத்தகமாக்கியதால் கொஞ்சம் தப்பியது. புத்தகத்தில் இருப்பதை இன்றைக்கு எந்தப் பேத்தி பாடுகிறாள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

2003ஆம் ஆண்டின் யுனெஸ்கோ அருவ மரபுரிமைச் சாசனத்தில் நம் நாடு 2008இல் சேர்ந்தது. நூல்பொம்மலாட்டம் 2018இலும் தும்பறைப் பாய் நெசவு 2021இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. மாஷா அல்லாஹ். எங்கள் முறை வரும்வரை பாட்டுக்காரர்களின் ஆயுளை நீடிக்க அந்தச் சாசனத்தில் ஏதும் பிரிவு இருந்தால் தெரியப்படுத்துங்கள்.

ஒன்று கவனித்தீர்களா சேர்? நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேறுகிறது. பக்கீர்மாரின் றபான் அங்கே இன்னும் கேட்கிறது. இது மார்க்கத்தில் கூடாது என்பவர்கள் ஒருபக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், சனம் ஒருபக்கம் வந்துகொண்டே இருக்கிறது. அந்த றபானுக்கு யாரும் படிவம் நிரப்பவில்லை. கொடியேற்றம் இருப்பதால் றபான் இருக்கிறது, அவ்வளவுதான்.

பொல்லடிக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. கலியாணத்திலும் சுன்னத்துக் கலியாணத்திலும் விடியவிடிய ஆடிய ஆட்டம் அது. நடுவில் அண்ணாவியார் தாளத்தோடு பாட, சுற்றிவருபவர்கள் குனிந்தும் நிமிர்ந்தும் பொல்லோடு பொல்லை அடித்து ஆடுவார்கள். இப்போது கலியாணங்கள் மண்டபத்துக்குப் போய்விட்டன. பொல்லடி அமைச்சர்மாரின் வாகனக் கதவுக்குப் போய்விட்டது. கதவிலிருந்து மேடைவரை மூன்று நிமிடம். அமைச்சர் வேகமாக நடப்பவர் என்றால் அதுவும் இல்லை. வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்றவர்களுக்கு ஒரு நெக்டோ சோடாப் போத்தல்.

அறுபது வயதைத் தாண்டிய கலைஞருக்குக் கலாபூஷணம் விருது கொடுக்கிறீர்கள். நல்லது. அவரிடம் பழக வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

ஆகவே என் விண்ணப்பம் இது. கரையோரப் பாடசாலைகளில் வாரத்தில் ஒரு பின்னேரத்தைப் பொல்லடிக்கு ஒதுக்குங்கள். ஆசிரியராக அண்ணாவியாரையே நியமியுங்கள். சாதாரண தரச் சான்றிதழ் கேட்டு அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவர் வயதாளி, சம்பளத்தையும் மாதம் தவறாமல் கொடுங்கள்.

இப்படிக்கு,
கல்முனைக்குடிவாசி ஒருவன்