பிப்புக்கு ரியூஷன் இல்லையா?

ஹொலி ஜாக்சனின் ‘எ குட் கேர்ள்ஸ் கைட் டு மேர்டர்’ (2019) நாவலில், பிப் என்ற பதினேழு வயதுப் பிள்ளை, பொலிஸ் மூடிவிட்ட ஐந்து வருடப் பழைய வழக்கைப் பள்ளிக்கூட ஒப்படையாக எடுத்துத் துப்புத் துலக்குகிறாள். கிளிநொச்சியில் இருந்து வாசிக்கிறவருக்கு முதலில் வரும் சந்தேகம் கொலைகாரன் மேல் அல்ல. ஏ.எல். வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு நேரம் எப்படிக் கிடைத்தது?

இங்கே சாட்சியைத் தேடிச் சைக்கிளில் புறப்பட்டால், கரடிப்போக்குச் சந்தி தாண்ட முன்னமே, “நீ ஆற்றை பிள்ளை?” என்று சாட்சி விசாரணையைத் தொடங்கிவிடும். அது அம்மப்பாவின் ஊர்வரை போய்த்தான் நிற்கும்.

ஆனால் துப்பறிகிறவர்களுக்குக் குறைவில்லை. கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று போராடத் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரைக் கேளுங்கள். பிள்ளையை எங்கே, எந்த நாள், யாரிடம் கையளித்தோம் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். அரசும் சும்மா இருக்கவில்லை. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் காணாமல் போனோருக்கென்று தனி அலுவலகம். ஒவ்வொரு இடத்திலும் கதையை முதலிலிருந்து சொல்ல வேணும். போட்டோக்கொப்பியும் புதிதாக வேணும்.

பிப்பிடம் இருந்தது ஒரு லப்டொப் மட்டும். அவளுக்கும் ஓர் ஆணைக்குழுவை நியமித்திருந்தால், நாவலின் இரண்டாம் பாகத்துக்குப் பதிலாக இடைக்கால அறிக்கைதான் வந்திருக்கும், அதுவும் கால நீடிப்புக் கேட்டு.