சொம்புல தெரியற பனியன்

ஏங் கண்ணு, புனேயில கஸ்பா பேட்டைப் பக்கம், தாம்பட் ஆளியில தட்டற செம்புச் சாமானத்த வெப்சைட்டுல விக்கப் போறயாமா? நல்ல சோலி. பேஷ்வா காலத்துல இருந்து அவங்க தட்டிக்கிட்டே இருக்கறது, நீ வந்து போட்டோப் புடிப்பேன்னுதானாட்டிருக்குது!

பிலிம் கேமராவா டிஜிட்டலான்னு உனக்குத் தூக்கமே இல்லைன்னு உங்கம்மா சொன்னா. பிலிமே வாங்கு சாமி. ரோலுக்கு 36 படம். அத்தனையும் எடுத்து முடிச்சு, கழுவி வாங்கிப் பாத்தாத்தான் சொம்போட மூக்கு வெட்டுப்பட்டது தெரியும். மறுக்கா எடு, உனக்கென்ன, வயசிருக்குது. டியூப்லைட்டு வெளிச்சத்துல பகல் வெளிச்சத்துப் பிலிமப் போட்டு எடுத்தா படம் பச்சை அடிக்கும். புதுச் செம்பு பச்சையாத் தெரிஞ்சா களிம்புன்னு ஒரு பய வாங்க மாட்டான். ஊட்டியில நம்மூரு பிலிமே கெடைக்குமேன்னு பாக்கறயா? 1960ல அரசாங்கம் ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக் கெடக்குது. அவங்க ‘இந்து’ பிலிம் டப்பாவுல நான் மூக்குப்பொடி வெச்சிருக்கறேன்.

அப்பறம் ஒரு சங்கதி. கழுவுன நெகட்டிவ வெப்சைட்டுல ஒட்ட முடியாதல்லோ? ஸ்கேன் பண்ணோணும். பண்ணுனா டிஜிட்டலாயிருது. பொள்ளாச்சியில இருந்து பழநிக்குப் போறவன் மேட்டுப்பாளையம் சுத்திப் போற கணக்கு. பிலிம் வித்தே பெருத்த கோடாக் கம்பெனிக்குள்ளயே 1975ல ஸ்டீவன் சாசன் டிஜிட்டல் கேமரா செஞ்சு காட்டுனாரு. ஒரு படம் பதிய 23 செகண்டாம். அப்பவே தெரிஞ்சும் பிலிமக் கட்டிக்கிட்டு நின்னாங்க. 2012ல திவால் மனு.

சரி, டிஜிட்டல்னா லட்ச ரூவாய்க்குத்தான் வாங்குவே, கௌரவம்னு ஒண்ணு இருக்குதல்ல! அமேசான்காரனுக்கு நீள வாக்குல 1000 புள்ளி இருந்தாப் போதும், பெருசாக்கிப் பாக்க உட்டுருவான். உன்ற போனுல அதவிட மூணு நாலு மடங்கு இருக்குது. அவன் கேக்கறது சுத்த வெள்ளைப் பின்னணி, படத்துல 85 சதவீதத்துக்குச் சாமானம். அவ்வளவுதான்.

நீ அனுப்புன படத்தக் கண்ணாடி போட்டுப் பாத்தேன். மாத்தார் வேலைன்னு பொடிப்பொடியா சுத்தியடி இருக்குதல்ல, ஒவ்வொரு அடியிலயும் ஒரு டியூப்லைட்டு, ஒரு ஜன்னல் கம்பி, ஓட்டைப் பனியனோட நீ. ஒரு சொம்புல நூறு பேரன்! லட்ச ரூவா கேமராவும் அதே பனியனத்தான் காட்டும், இன்னுந் தெளிவா. லென்ஸுக்கு முன்னால போலரைசர் கண்ணாடி மாட்டுனா மினுக்கம் போயிரும்னு கடைக்காரன் தலையில கட்டுவான். வெறும் உலோகத்துல அது எடுபடாது, வாங்காதே.

டியூப்லைட்ட அணை. வடக்கு ஜன்னலோரம் சொம்ப வையி. ரெண்டு பக்கமும் வெள்ளை வேட்டியக் கட்டி, சொம்பு அதை மட்டும் பாக்கற மாதிரி பண்ணு. கருப்பு அட்டை ஒண்ண ஓரமா நிறுத்துனா, வளைவு எங்க முடியுதுன்னு கோடு போட்டாப்பல தெரியும். போன ஸ்டாண்டுல மாட்டி டைமர்ல உட்டுட்டுத் தள்ளி நில்லு.

பிலிம் ஆசை தீரலைன்னா புனே லா காலேஜ் ரோட்டுல 1964ல ஆரம்பிச்ச திரைப்பட ஆவணக் காப்பகத்துல படம் போடறப்பப் போய்ப் பாரு. கடைக்கு டிஜிட்டல்தான். வேட்டி ரெண்டு பார்சல்ல போடறேன். செம்போட நெறம் மட்டும் உள்ளபடி வரோணும். மாறுச்சுன்னா வாங்குனவன் திருப்பி அனுப்புவான், போக வரக் கூலி உன்ற தலையில.